வேலை சுத்தம், வாய் சுத்தமில்லை: மதுரையில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை

மதுரையில் வாட்ச்சுக்கு செல் (பேட்டரி) மாற்றுகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பட்டி மாற்ற வேண்டுமென்றால் பஸ் ஸ்டாண்ட் வாசலிலேயே ஆள் உண்டு. ஆனால் சாவி கொடுக்கும் பழைய வாட்ச்சைப் பிரித்து, கழுவி, எண்ணெய் வைத்து, மறுபடி ஒழுங்காகச் சேர்க்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. குறையும் சேர்த்து எழுதப்போவதால் பெயர் போடவில்லை. பழைய வாட்ச் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் "அந்தக் கோபக்காரர் கடையா?" என்று வழி சொல்லிவிடுவார்கள்.

அந்த "கோபக்காரர்" என்ற சொல்லோடு எனக்கு ஒப்புதல் இல்லை. போய் வந்தவர்களில் பாதிப் பேர் "திமிர் பிடிச்ச ஆளு, அந்தப் பக்கமே போகாதீங்க" என்கிறார்கள். மீதிப் பேர் "மேதைன்னா அப்படித்தான் இருப்பாங்க, கண்டுக்காதீங்க" என்கிறார்கள். இரண்டுமே புதிதாகப் போகிறவருக்கு உதவாது.

நான் ஸ்டாஃப் நர்ஸ். கேஸ் ஷீட்டில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது என்று படிக்கும்போதே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஒத்துழைக்கவில்லை என்றால் என்ன செய்தார்? மாத்திரையைத் துப்பினாரா, ஊசி போடப் போனதும் கையை இழுத்துக்கொண்டாரா, எத்தனை மணிக்கு, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? அதை எழுதினால்தான் அடுத்த டூட்டிக்கு வருகிற சிஸ்டர் என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும். "மோசமான ஆள்" என்று ஒப்படைத்தால் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கட்டிலருகே போவாள். அதைப் பார்த்து அவரும் இன்னும் மோசமாவார். அதனால் கடைக்காரரைப் பற்றியும் பார்த்ததையும் கேட்டதையும் எழுதுகிறேன். பிடிக்கிறதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது எச்.எம்.டி. ஜனதா. எனக்கு முன்பு எங்கள் வார்டு இன்சார்ஜாக இருந்த அக்கா ஓய்வு பெற்றபோது என் கையில் வைத்துவிட்டுப் போனது. வெள்ளை டயல், 17 ஜுவல்ஸ் (உள்ளே அச்சுகள் தேயாமலிருக்க வைக்கும் கற்கள்), தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். இப்போது நோயாளியைத் தொடும் இடத்தில் கையில் எதுவும் கட்டக் கூடாது என்பதால் பட்டியைக் கழற்றிவிட்டு யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இது எதற்கு என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். நாடி எண்ணும்போது ஒரு கை நோயாளியின் மணிக்கட்டில் இருக்கும், கண் நொடிமுள்ளில் இருக்கும். போனின் திரை அணைந்துவிடும், நடுவில் மெசேஜ் வரும். டிரிப் ஓட விடுவதற்கும் நொடிமுள்தான் வேண்டும். 500 மில்லி பாட்டிலை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்கு 21 சொட்டு. அதை முள்ளைப் பார்த்து எண்ணித்தான் டிரிப் குழாயின் சக்கரத்தைத் திருப்பி வைப்போம்.

அந்த ஜனதா மெதுவாகப் போக ஆரம்பித்தது. அப்புறம் கவிழ்த்து வைத்தால் நின்றுவிட்டது. நாளுக்கு ஒரு நிமிடம் பிந்துகிற வாட்ச்சை வைத்துக்கூட நாடி பார்த்துவிடலாம். நடுவில் நின்று நின்று ஓடுகிறதை நம்ப முடியாது.

முதலில் வேறொரு கடைக்குத்தான் எடுத்துப் போனேன். பெரிய கடை, ஏசி, "வாங்க மேடம், உட்காருங்க மேடம்" என்று தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். பின்மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மெஷின் போச்சு மேடம். இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் இல்ல. உள்ள செல் மெஷின் மாத்திடலாம், டயல் அப்படியே இருக்கும், வெளியில யாருக்கும் தெரியாது" என்றார்கள். சிரித்த முகம், இதமான பேச்சு. யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தச் சந்துக் கடைக்கு வந்தது அதற்குப் பிறகு.

கடை என்றால் ஒரு ஆள் அகலம். முன்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் மேஜை, மேஜையில் வளைந்த கழுத்துள்ள விளக்கு. மதுரை வெயிலில் உள்ளே மின்விசிறி ஓடாது. காற்று அடித்தால் தூசி விழும், மணலளவு திருகாணி பறக்கும். நிற்கிற நமக்கும் வியர்க்கும், அவருக்கும் வியர்க்கும். கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, கழுத்தை ஒரே கோணத்தில் வைத்து, காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். வாங்க என்று சொல்ல மாட்டார். நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். கையை மட்டும் நீட்டுவார், வாட்ச்சை அதில் வைக்க வேண்டும்.

நான் வைத்துவிட்டு, "ஐயா, இது கவுத்து வெச்சா நின்னுருது" என்று ஆரம்பித்தேன்.

"வாட்ச் சொல்லும். நீங்க பேசாம நில்லுங்க."

முதல் வாக்கியமே இதுதான். சுருக்கென்றது, மறைப்பதற்கில்லை. ஆனால் அடுத்து நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற கடைகளில் இதை நான் பார்த்ததில்லை. முதலில் காதருகே வைத்துக் கேட்டார். ஜனதா மாதிரியான மெஷின் ஒரு மணி நேரத்துக்கு 18,000 தடவை துடிக்க வேண்டும், அதாவது நொடிக்கு ஐந்து. செல் வாட்ச்சில் நொடிமுள் நொடிக்கு ஒரு தாவல் தாவும், இதில் ஐந்து சின்னச் சின்ன அடி வைத்து நடக்கும். அப்புறம் மைக் பொருத்திய ஒரு சின்ன மெஷினில் மாட்டினார். திரையில் புள்ளிகள் நேர்கோடாக வர வேண்டும். என்னுடையது மழை பெய்த மாதிரி சிதறியது. டயல் மேலே இருக்கும்படி, கீழே இருக்கும்படி, சாவி பக்கவாட்டில் இருக்கும்படி என்று நிலை மாற்றி மாற்றிப் பார்த்து, ஒவ்வொன்றையும் நீளமான கணக்கு நோட்டில் பென்சிலால் எழுதினார். வாட்ச்சின் எண், கண்ணாடியில் எத்தனை கீறல், கேஸில் எங்கே நசுங்கல், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். நாங்கள் ஆபரேஷனுக்கு முன்பு நோயாளியின் நகைகளை எழுதி வாங்குவதும் இப்படித்தான்.

பின்மூடியைத் திறந்ததும் அதன் உட்புறத்தை விளக்கில் காட்டினார். மூடிக்குள்ளே ஊசியால் கீறிய மாதிரி பொடி எழுத்துகள் இருந்தன. பழைய ரிப்பேர்காரர்கள் ஒரு வாட்ச்சை சர்வீஸ் செய்தால் மூடிக்குள் தங்கள் குறியையும் தேதியையும் கீறி வைப்பது வழக்கம். மூன்று பேர் கீறியிருந்தார்கள். லென்ஸ் வழியாகப் பார்த்து, "இந்த முதல் ரெண்டு பேரும் வேல தெரிஞ்சவங்க. மூணாவது ஆளு எண்ணெய ஊத்தியிருக்கான்" என்றார். முதல் இரண்டு பேரைச் சொன்னபோது அந்தக் குரலில் மரியாதை இருந்தது. முகம் தெரியாத, இப்போது உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாத இரண்டு பேருக்குக் கொடுத்த மரியாதை அது. எதிரே வியர்வையில் நின்றுகொண்டிருந்த எனக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்குப் புரிய ஆரம்பித்தது அங்கேதான். நல்ல வேலை மேல் அவருக்கு மதிப்பு உண்டு. மனிதர்கள் மேல் அப்படித் தனியாக ஒன்றும் இல்லை.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷினில் எல்லா இடத்துக்கும் ஒரே எண்ணெய் கிடையாது. வேகமாக ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் ஊசிமுனைகளுக்கு லேசான எண்ணெய், அதுவும் ஊசி நுனியில் தொட்டு வைக்கும் அளவு. சாவி கொடுத்தால் இறுகும் மெயின் ஸ்பிரிங் பக்கம் கெட்டியானது. பேலட் ஃபோர்க் என்று ஒரு குட்டிக் கவை இருக்கிறது, அதன் ஊசிமுனையில் எண்ணெயே வைக்கக் கூடாது, வைத்தால் இழுத்துப் பிடிக்கும். அவசரக்காரர்கள் மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, தையல் மெஷின் எண்ணெயை விட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்ச நாள் ஜோராக ஓடும். அப்புறம் அந்த எண்ணெய் பரவி, தூசியோடு சேர்ந்து, பிசின் மாதிரி ஆகிவிடும். என் வாட்ச்சுக்கு நடந்தது அதுதான். மெஷின் போகவே இல்லை, அழுக்கு மட்டும்தான். பெரிய கடையில் சிரித்துக்கொண்டே சொன்னது பொய். இவர் சிடுசிடுவென்று சொன்னது உண்மை.

செல் மெஷின் மாற்றச் சொன்னார்கள் என்றேன். லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "அவனுங்க கழட்டுன மெஷின் எங்கிட்டுப் போகுது, தெரியுமா? குப்பைக்கு" என்றார். அந்தக் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது. எச்.எம்.டி. என்கிற இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஒரு காலத்தில் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி., ரிட்டயர்மென்டுக்கு எச்.எம்.டி. என்றுதான் இருந்தது. 1980-களில் டைட்டன் வந்தது. டாட்டாவும் நம் மாநில அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, ஓசூரில் தொழிற்சாலை, செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச். சாவி கொடுக்கும் வேலையே இல்லையென்றதும் ஜனங்கள் மாறிவிட்டார்கள். 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. ஆக, இப்போது ஒரு ஜனதாவுக்குப் பாகம் வேண்டுமென்றால் பழைய இருப்பில் தேட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு ஜனதாவைப் பிரிக்க வேண்டும். அவர் மேஜைக்குக் கீழே பழைய மாத்திரை டப்பாக்களிலும் பிலிம் ரோல் டப்பாக்களிலும் அப்படிப் பிரித்த பாகங்கள் பெயர் எழுதி அடுக்கப்பட்டிருக்கின்றன. எங்கோ ஒரு கடையில் நல்ல மெஷினைக் கழற்றிக் குப்பையில் போட்டால், அந்த டப்பாக்களுக்கு வர வேண்டியது போய்விட்டது என்று அர்த்தம். அவர் கோபப்படாமல் என்ன செய்வார்?

இதுவரை எழுதியதை மட்டும் படித்தால், வாய் கொஞ்சம் கடுமை, ஆனால் தங்கமான மனுஷன் என்று நினைத்துவிடுவீர்கள். அதற்குத்தான் மீதியை எழுதுகிறேன்.

வாங்கப் போன அன்று எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன் நின்றான். ஆன்லைனில் வாங்கிய எச்.எம்.டி. பைலட். மூன்று மாதம் காசு சேர்த்து வாங்கினேன் என்று என்னிடம் ஆசையாகக் காட்டினான். கறுப்பு டயல் பளபளவென்று இருந்தது. கடைக்காரர் வாங்கி ஒரு தடவை பார்த்தார். "இது வாட்ச் இல்ல, பெயின்ட். ஒனக்கு யாரு சொன்னா இத வாங்கச் சொல்லி? கண்ணு தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டார். அவர் சொன்னது சரிதான். பழைய எச்.எம்.டி. மெஷின்களை எடுத்து, டயலைச் சுரண்டிப் புது பெயின்ட் அடித்து, கிடைத்த கேஸில் மாட்டி விற்கிறார்கள். நிமிடக் கோடுகள் ஒரே அளவில் இருக்காது, எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும், ஐம்பது வருஷத்து டயல் நேற்று அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் இதையெல்லாம் அந்தப் பையனுக்கு அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த தடவை அவன் ஏமாறாமல் இருப்பான். அவன் காது சிவந்து, வாட்ச்சைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். டயலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கடையிலிருக்கும் உதவியாளப் பையன்தான் வேறொரு நாள் எனக்குச் சொன்னான்.

அதைவிடக் கஷ்டமாக இருந்தது அந்த அம்மா விஷயம். அறுபத்தைந்து வயது இருக்கும், மஞ்சள் பைக்குள் துணியில் சுற்றிய ஒரு எச்.எம்.டி. காஞ்சன். வீட்டுக்காரருடையது, அவர் இறந்து சில மாதம் ஆகிறது, ஓடினால் மகனுக்குக் கொடுப்பேன் என்றார். கடைக்காரர் திறந்தார். உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்து, சக்கரமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. எனக்கே தெரிந்தது. "இதுல ஒண்ணும் இல்ல. எடுத்துட்டுப் போங்க" என்று மூடிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் கையை நீட்டினார். அந்த அம்மா நகரவில்லை. "கொஞ்சம் பாருங்கய்யா" என்றார். "பாத்தாச்சு. சொன்னது காதுல விழலையா? அங்கிட்டு நில்லுங்க."

கெட்ட செய்தி சொல்வது எங்கள் தொழிலில் தினசரி வேலை. வார்த்தை மாற்றிச் சொன்னால் விஷயம் மாறாது, பொய் சொல்லவும் கூடாது. ஆனால் உட்கார வைத்துச் சொல்வோம். நாமும் உட்காருவோம், அவர்கள் கண் உயரத்துக்கு வருவோம். சொல்லிவிட்டுக் கொஞ்சம் அங்கேயே இருப்போம். இதற்கெல்லாம் ஒரு நிமிடம்கூட ஆகாது. வேலை நெருக்கடி என்று யாரும் காரணம் சொல்ல முடியாது, எங்கள் வார்டைவிட அந்தக் கடையில் நெருக்கடி இல்லை. அந்த அம்மாவுக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டது உதவியாளப் பையன். அதற்கும் அவனுக்குத் திட்டு விழுந்தது, "நீ என்ன ஆஸ்பத்திரியா நடத்துற?" என்று.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடையைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. இருபது வயது இருக்கலாம். செல் போடுவது, பட்டி மாற்றுவது, கண்ணாடி பாலிஷ் எல்லாம் அவன்தான். பெரியவர் கேட்கும் திருகாணியை டப்பாவில் தேடி எடுத்துக் கொடுப்பதும் அவன்தான். எருமை, தண்டச்சோறு, கையா காலா என்று நாள் முழுக்க வசவு. தப்பு செய்தால் மட்டும் இல்லை, சரியாகச் செய்தாலும்தான். ஒரு தடவை அவன் கொடுத்த இடுக்கியைத் தட்டிவிட்டார், அது தரையில் விழுந்து நுனி வளைந்தது. வளைந்ததற்கும் அவனையே திட்டினார்.

நான் கேட்டுவிட்டேன். "ஐயா, அவனை இப்படிப் பேசாதீங்க."

"ஒங்க வார்டுல நீங்க பேசுங்க. இது என் கடை."

"வார்டுலயும் இப்படிப் பேசுற சீனியர்ங்க உண்டு. திட்டு வாங்கின பிள்ளைக்குக் கை நடுங்கும். நடுங்குற கைதான் நரம்பைத் தவற விடும்."

பதில் இல்லை. லென்ஸைச் செருகிக்கொண்டார். அடுத்த முறை போனபோதும் அதே எருமை, அதே தண்டச்சோறு. அவர் மாறிவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் மாறவில்லை. பையனை டீக்கடையில் பார்த்தபோது ஏன் இங்கேயே இருக்கிறாய் என்று கேட்டேன். "பேலன்ஸ் ஸ்டாஃப் மாத்தக் கத்துக்கிட்டாப் போதும்க்கா, அப்புறம் போயிருவேன். இவருகிட்ட இல்லாம வேற எங்க கத்துக்கிறது?" என்றான். பேலன்ஸ் ஸ்டாஃப் என்பது பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு. இதுவரை சொல்லிக் கொடுத்தாரா என்றால், சொல்லிக் கொடுக்க மாட்டாராம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதானாம். தனக்கு முன்பே இரண்டு பேர் ஓடிவிட்டார்கள் என்றும் சொன்னான். சந்தில் எல்லோரும் அந்த மனிதரோடு ஒரு கலை அழிந்துவிடும் என்று வருத்தப்படுகிறார்கள். கற்றுக்கொள்ள வந்த இரண்டு பேரை அவர் வாய்தான் துரத்தியது. அதற்கும் சேர்த்து வருத்தப்பட வேண்டும்.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "பலாப்பழம் மாதிரிக்கா, வெளியதான் முள்ளு, உள்ள சுளை." நம் ஊரில் கடுகடுப்பான ஆட்கள் எல்லோருக்கும் இந்த ஒரு பழத்தைக் கொடுத்துவிடுகிறோம். நான் பலமுறை அந்தக் கடையில் நின்றிருக்கிறேன், சுளையைப் பார்க்கவில்லை. பார்த்தது நேர்மை. அது எனக்குப் பெரிய விஷயம்தான். கண்ணாடி மாற்ற 150 ரூபாய் என்று சொல்லி வாங்கியிருந்தார். வாட்ச்சை எடுக்கப் போனபோது, "கீறல் பாலிஷ்லயே போயிருச்சு" என்று 100 ரூபாயைத் திருப்பி வைத்தார். அந்தக் கண்ணாடி அக்ரிலிக், ஆழமில்லாத கீறலென்றால் தேய்த்தே எடுத்துவிடலாம். புதிது போட்டேன் என்று சொல்லியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? காசைத் திருப்பிக் கொடுக்கும்போதும் முகத்தில் அதே சிடுசிடுப்பு. நேர்மை இருக்கிற இடத்தில் அன்பும் இருந்தே ஆக வேண்டும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இவரிடம் ஒன்று நிறைய இருக்கிறது, மற்றது இல்லை. இல்லாததை நான் ஏன் இருப்பதாக எழுத வேண்டும்?

வேலையைச் சொல்லிவிடுகிறேன். முழு சர்வீஸ் 700 ரூபாய். வியாழக்கிழமை என்றால் வியாழக்கிழமை, ஒரு நாள் தள்ளவில்லை. கழற்றிய மெயின் ஸ்பிரிங்கைச் சின்னக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார், மாற்றினேன் என்பதற்குச் சாட்சியாக. நோட்டில் முன்பு எழுதிய அளவுக்குப் பக்கத்திலேயே புது அளவையும் எழுதிக் காட்டினார். மைக் மெஷினில் புள்ளிகள் கோலத்துக்கு இழை இழுத்த மாதிரி நேராக வந்தன. நாளுக்கு 10 நொடிக்குள் நிற்கிறது, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மெஷினுக்கு இது பிரமாதம். கவிழ்த்து வைத்தாலும் ஓடுகிறது. சாவி கொடுத்தால் மறுநாள் இரவு வரை தாங்குகிறது. மூடியின் உட்புறம் நான்காவதாக ஒரு கீறல் சேர்ந்திருக்கிறது. எழுத்து அவ்வளவு பொடி, லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாது.

ஐந்தில் மூன்று கொடுக்கிறேன். வேலைக்கு மட்டுமென்றால் ஐந்துதான், யோசிக்கவே வேண்டாம். என்னைப் பேசியதற்கு நான் ஒன்றும் குறைக்கவில்லை, அதைவிட அதிகமாக வார்டில் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாவை அனுப்பிய விதத்துக்கு ஒன்று, பையனுக்காக ஒன்று.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கையில் இடுக்கி பிடித்திருக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், அந்த நேரத்தில் அவர் எரிந்து விழுந்தால் அது நியாயம்தான், பேலன்ஸ் சக்கரத்தின் ஸ்பிரிங் முடியைவிட மெல்லியது. கண்ணாடிப் பெட்டி மேல் சாய வேண்டாம். பேரம் பேசினால் வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். காந்தம் வைத்த போன் கவரை மேஜைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அந்த ஸ்பிரிங் காந்தம் ஏறினால் சுருள் ஒட்டிக்கொண்டு வாட்ச் தாறுமாறாக முந்தும். அவர் அதற்குத் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்லைனில் வாங்கியதென்றால் முதலில் பையனிடம் காட்டுங்கள், பதமாகச் சொல்வான். இறந்தவர்களின் வாட்ச்சைக் கொண்டு போவதாக இருந்தால், வயதானவர்களைத் தனியாக அனுப்பாமல் கூடவே ஒருவர் போங்கள். செல் போட்டாலும் பட்டி மாற்றினாலும் பையனுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள், பெரியவர் காதில் விழும்படி. ஞாயிறு விடுமுறை, மதியம் ஒன்றரை முதல் மூன்று வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். ஜிபே கிடையாது, ரொக்கம்தான், சில்லறையாக எடுத்துப் போங்கள்.